மூச்சாய்வு நிறைமானியில் பிழை நீக்கம்: குறியிலிருந்து காரணத்துக்கு

மூச்சுக்காற்றிலுள்ள சேர்மங்களை அவற்றின் மூலக்கூறு நிறையைக் கொண்டு அளக்கும் மூச்சாய்வில் புதிதாக இறங்கும் மாணவர்கள் திரையில் ஒரு பீக் உயர்வதைக் கண்டதும், அது எந்த நோயைக் காட்டுகிறது என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு உண்டு. அந்தக் குறி கருவிக்குள்ளிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா, அறைக்காற்றிலிருந்து வந்ததா, வாயிலிருந்து வந்ததா? இந்த நான்கும் இல்லை என்று உறுதிப்பட்ட பிறகே அது இரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக வெளிப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. புரோட்டான் மாற்ற வினை நிறைமானியைத் திருநெல்வேலிச் சீமையின் வெயிலிலும் மழையிலும் மின்சாரத்திலும் வைத்து இயக்குவோர் அடிக்கடி சந்திக்கும் குறிகளைக் கீழே எடுத்துக்கொள்கிறேன்.

கருவி செயல்படும் முறையைச் சுருக்கமாக நினைவில் கொள்ள வேண்டும். நீராவியில் மின்னிறக்கம் நடத்தி ஹைட்ரோனியம் அயனிகளை (புரோட்டான் ஒன்று கூடிய நீர் மூலக்கூறுகளை) உண்டாக்கி, இரண்டு மில்லிபாருக்குச் சற்று மேலான அழுத்தமுள்ள வினைக்குழாயில் மூச்சுக்காற்றோடு அவற்றைக் கலக்க விடுகிறோம். நீரைவிடப் புரோட்டானை விரும்பும் மூலக்கூறுகள் மட்டுமே அதை வாங்கிக்கொண்டு, தம் நிறையைவிட ஒன்று கூடிய அயனியாகின்றன. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அதை வாங்குவதில்லை. மூச்சைப் பிரித்தெடுக்காமல் அப்படியே உள்ளே விட முடிவது அதனால்தான். எனவே மெத்தனால் 33இலும், அசிட்டோநைட்ரில் 42இலும், அசிட்டால்டிஹைடு 45இலும், எத்தனால் 47இலும், அசிட்டோன் 59இலும், ஐசோபிரீன் 69இலும் தெரிகின்றன. இவற்றைப் பார்ப்பதற்கு முன், கருவியின் சொந்த அயனிகளான 21, 30, 32, 37 ஆகிய நான்கையும் பார்த்துவிடுவது நல்லது. மூச்சைப் பற்றிய ஐயங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லா அளவுகளும் ஒன்றாகக் குறைந்துவிட்டன

நேற்று ஊதிய அதே ஆள், அதே காலை வேளை, ஆனால் அசிட்டோனும் ஐசோபிரீனும் மெத்தனாலும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், அந்த ஆளின் உடலில் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. முதலில் 21ஐப் பாருங்கள். ஹைட்ரோனியத்தின் பீக் 19இல் இருந்தாலும், அது உணரியைத் திணறடிக்கும் அளவுக்குப் பெரியதாகையால், ஆக்சிஜன்-18 உள்ள ஐசோடோப்பின் 21ஐ அளந்து அதை ஏறத்தாழ 500ஆல் பெருக்குவதே வழக்கம்.

21உம் அதே விகிதத்தில் விழுந்திருந்தால், கோளாறு அயனி மூலத்தில் இருக்கலாம், அல்லது உணரியில் இருக்கலாம். உணரியின் மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டிப் பாருங்கள். எண்ணிக்கை நன்றாக ஏறினால் உணரி மூப்படைந்திருக்கிறது, ஏறாவிட்டால் தண்ணீர்ப் புட்டியின் மட்டத்தையும் நீராவி ஓட்டத்தையும் மின்னிறக்க மின்னோட்டத்தையும் வரிசையாகச் சோதியுங்கள். 21 நிலையாக இருக்க மற்றவை மட்டும் விழுந்திருந்தால், வினைக்குழாயின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். உள்ளிழுக்கும் நுண்குழாய் எச்சில் துளியாலோ தூசியாலோ அடைபட்டால் அழுத்தம் இறங்கும்; அழுத்தம் இறங்கினால் அயனிகள் வேகம் கூடி மோதும்; 37இல் உள்ள நீர்க்கொத்து (ஹைட்ரோனியத்தோடு நீர் ஒட்டியது) குறைந்து, மூலக்கூறுகள் உடைந்த துண்டுகள் பெருகும். 37 குறைவதும் துண்டுகள் கூடுவதும் சேர்ந்து வந்தால் அடைப்பு என்றே கொள்ளுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் செம்மண் தூசி பறக்கும் நாட்களில், நுழைவாயிலில் வடிகட்டி இல்லாத கருவிகளில் இது சகஜம்.

30உம் 32உம் ஏறியிருக்கின்றன

கரிமச் சேர்மங்கள் நீக்கிய வெற்றுக்காற்றை உள்ளே விடும்போதும் இவை ஏறியே நின்றால், அயனி மூலத்துக்குள் காற்று கசிகிறது. 32 ஆக்சிஜன் அயனி. 30 நைட்ரிக் ஆக்சைடு அயனி. இவை ஹைட்ரோனியத்தின் ஓரிரு விழுக்காட்டுக்குள் அடங்கியிருக்கும் வரை பொறுத்துக்கொள்ளலாம். மீறினால், புரோட்டானைக் கொடுக்காமல் எலக்ட்ரானைப் பறிக்கும் வேறொரு வேதியியல் உள்ளே நடக்கத் தொடங்கும்; ஐசோபிரீன் 69இல் மட்டுமன்றி 68இலும், பென்சீன் 79இல் மட்டுமன்றி 78இலும் தலைகாட்டும். பெரும்பாலும் தண்ணீர்ப் புட்டியை நிரப்பி மாட்டிய மறுநாள்தான் இந்தக் குறி தெரியும். இணைப்பு வளையத்தை இறுக்குவதற்கு முன், நிரப்பிய நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறப் போதிய நேரம் கொடுங்கள். அதன் பிறகும் குறையாவிட்டால் வளையத்தையே மாற்றிவிடுவது மேல். ஒருமுறை நசுங்கிய வளையத்தை மேலும் மேலும் இறுக்குவது கசிவைப் பெரிதாக்கும்.

வாயு நிறப்பிரிகையோடு இணைந்த நிறைமானி வைத்திருப்போருக்கு இதே குறி 28, 32 ஆகிய எண்களில் வரும். அவை காற்றில் உள்ளபடி ஏறத்தாழ நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் கசிவு உறுதி; இணைப்புகளின் மேல் ஆர்கானைச் சிறிது சிறிதாக விட்டு, 40 எங்கே துள்ளுகிறது என்று பார்த்தால் இடம் அகப்படும். கருவியைத் திறந்து மூடிய அன்று 18 மட்டும் மேலோங்கி நின்றால் கவலை வேண்டாம். இரவு முழுவதும் பம்ப் ஓடட்டும்.

ஊதும்போது 37 தாவுகிறது. சில சேர்மங்களின் அளவு நம்பும்படியாக இல்லை

உடல் வெப்பத்தில் வெளிவரும் மூச்சு நீராவியால் நிறைந்தது. அதில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு நீராவி. அது வினைக்குழாய்க்குள் நுழைந்தவுடன் ஹைட்ரோனியத்தோடு ஒட்டி 37இலும், இன்னும் ஈரம் மிகுந்தால் 55இலும் கொத்துகளை உண்டாக்கும். அசிட்டோன் போன்றவை இந்தக் கொத்துகளிடமிருந்தும் புரோட்டானை வாங்கிக்கொள்ளும். பென்சீனும் டொலுவீனும் வாங்காது. ஃபார்மால்டிஹைடு வாங்கிய புரோட்டானை நீரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே உலர்ந்த சிலிண்டர் வாயுவைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்துவிட்டு ஈரமான மூச்சை அளப்பவருக்கு, அசிட்டோன் பெரும்பாலும் சரியாக வரும். ஃபார்மால்டிஹைடு தவறாகவே வரும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மின்புலத்துக்கும் வாயு அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை 120 டவுன்சென்டிலிருந்து 140க்குக் கூட்டுவது. கொத்துகள் உடையும், ஆனால் அதோடு உங்களுக்கு வேண்டிய மூலக்கூறுகளும் கூடுதலாக உடையும். மற்றொன்று, அளவுத்திருத்த வாயுவையும் வெற்றுக்காற்றையும் மூச்சின் ஈரத்துக்கு ஈரப்படுத்துவது. எனக்கு இரண்டாவதே உகந்ததாகத் தோன்றுகிறது. சூடான பிளாட்டினம் வினையூக்கி வழியாகச் செலுத்திய ஈரக்காற்று நல்ல வெற்றுக்காற்று. அது கரிமச் சேர்மங்களை எரித்துவிட்டு ஈரத்தை அப்படியே விட்டுவிடும். பங்குனியில் எடுத்த திருத்தக் கோட்டை ஐப்பசி அடைமழையில் பயன்படுத்துவதும் இந்தத் தவற்றின் சிறிய வடிவம்தான். அறைக்காற்றை ஒப்பீட்டுக்கு வைத்து அளப்போரை அது மிகுதியாகப் பாதிக்கும்.

ஒருவர் ஊதி முடித்த பிறகும் குறி இறங்குவதில்லை

இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். தரவைக் கெடுக்கும் பிழைகளில் மிக அதிகமானவை இங்கேதான் பிறக்கின்றன. ஊதுவதை நிறுத்தியவுடன் வளைவு செங்குத்தாக இறங்காமல் நீண்ட வாலோடு இழுத்தால், எல்லாச் சேர்மங்களும் அப்படி இழுக்கின்றனவா, சில மட்டுமா என்று பாருங்கள். எல்லாமே இழுத்தால் குழாயில் காற்று தேங்கும் இடம் இருக்கிறது, அல்லது உறிஞ்சும் வேகம் போதவில்லை. அசிட்டோன் சட்டென்று இறங்கி, அம்மோனியாவும் கொழுப்பு அமிலங்களும் மட்டும் இழுத்தால், அவை குழாயின் சுவரில் ஒட்டுகின்றன.

ஒட்டுவதற்கு முதற்காரணம் குளிர்ந்த இடம். வெப்பச் சுருள் சுற்றிய குழாய் எண்பது டிகிரியில் இருக்கும். ஆனால் சுருள் முடியும் இடத்துக்கும் வாய்க்குழலுக்கும் இடையில் விரலளவு இடைவெளி விட்டிருப்பார்கள். ஏசி ஓடும் அறையில் அந்த விரலளவு இடம் போதும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், ஒளி ஊடுருவும் டெஃப்லான் குழாயின் உட்புறத்தில் கடுகினும் சிறிய நீர்மணிகள் வரிசையாகப் பூத்திருப்பது தெரியும். அடுத்தவர் ஊதும் முதல் மூச்சு அந்த மணிகளின் மேலாகத்தான் உள்ளே போகிறது. வெப்பத்தைக் கூட்டுவதால் இது தீராது. சுருளை வாய்க்குழல் வரைக்கும் நீட்ட வேண்டும். ஏசிக் காற்று நேராகப் படாதபடி குழாயைத் திருப்பி வைக்க வேண்டும். சிலிக்கான் ரப்பர்க் குழாயை, ஒரு சாண் நீளத்துக்குக்கூட, எந்த இணைப்பிலும் பயன்படுத்தக் கூடாது. அது உறிஞ்சியதை நாளெல்லாம் கசியவிடும்; தன்னிடமிருந்து சிலாக்சேன்களையும் சேர்த்துக் கொடுக்கும்.

ஊதும் வளைவில் சமதளம் அமையவில்லை

மூச்சின் முதற்பகுதி வாயிலும் மூச்சுக்குழலிலும் தங்கியிருந்த காற்று. வளர்ந்தவர்களுக்கு இது சுமார் 150 மில்லிலிட்டர். அதன் பின்னரே நுரையீரல் சிற்றறைகளின் காற்று வருகிறது. கார்பன் டை ஆக்சைடு அளவி ஒன்றை இணைத்துவைத்து, அதன் வளைவு உயர்ந்து சமமாகும் பகுதியில் மட்டும் நிறைமானியின் எண்ணைப் படிப்பது அடிப்படை ஒழுங்கு. அந்த அளவி இல்லாமல் மூச்சாய்வு செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

சமதளமே அமையாதபோது குறை பெரும்பாலும் ஊதும் முறையில் இருக்கும். எங்கள் பக்கத்து முதியவர்கள் குழலைக் கண்டதும் முழு பலத்தோடு ஊதிவிடுவார்கள். "பாட்டையா, இம்புட்டு வேகம் வேண்டாம், சூடா இருக்க காப்பிய ஊதி ஆத்துத மாதிரி மெதுவா ஊதுங்க" என்று சொன்னால் உடனே பிடிபட்டுவிடும். ஐசோபிரீன் மட்டும் ஆளுக்கு ஆள் தாறுமாறாக இருந்தால், அவர்கள் மாடிப்படி ஏறி வந்தார்களா என்று கேளுங்கள். உடல் உழைப்பு தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் மூச்சிலுள்ள ஐசோபிரீன் பல மடங்கு உயர்ந்து பிறகு தணியும். இதயத் துடிப்பும் இரத்த ஓட்டமும் மாறுவதோடு அது மாறுகிறது. பத்து நிமிடமாவது உட்காரவைத்துவிட்டு அளவெடுங்கள்.

81உம் 137உம் சிலருக்கு மட்டும் உயர்கின்றன

பெண்களுக்கு உயர்ந்து ஆண்களுக்கு உயராவிட்டால், பாலின வேறுபாடு என்று எழுதிவிடுவதற்கு முன் தலையில் பிச்சிப்பூ இருக்கிறதா என்று பாருங்கள். மல்லிகை இனப் பூக்களின் மணத்தில் உள்ள லினலூல், நிறைமானிக்குள் நீரை இழந்து 137ஆகவும், மேலும் உடைந்து 81ஆகவும் தெரியும். பென்சைல் அசிட்டேட்டின் துண்டு 91இலும், இண்டோல் 118இலும் கூடவே வரும். இந்த நான்கும் சேர்ந்து ஏறினால் அது பூவேதான். நுரையீரலுக்கு அதில் பங்கில்லை. தரையைத் துடைத்த பைன் எண்ணெய் கலந்த பினாயில் 137ஐயும் 81ஐயும் தரும், 91ஐயும் 118ஐயும் தராது. யூகலிப்டஸ் தைலம் தடவியவரிடம் 155 கூடவரும். சூடம் ஏற்றிவிட்டு வந்தவரிடம் 153 வரும். வெற்றிலை போட்டவரிடம் 165ஐ எதிர்பார்க்கலாம்.

எனவே ஒவ்வொருவரும் ஊதுவதற்கு முன்னும் பின்னும், அவர் முகத்தருகே உள்ள காற்றை ஒரு நிமிடம் அளந்து பதிவு செய்யுங்கள். அறையின் மூலையில் உள்ள காற்றை அளப்பதில் பயனில்லை. உள்மூச்சின் அளவை வெளிமூச்சிலிருந்து கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். உள்ளே போனதில் ஒரு பகுதியை இரத்தம் எடுத்துக்கொள்வதால் அந்தக் கழித்தல் எப்போதும் சரியான விடையைத் தராது. உள்மூச்சில் மிகுந்துள்ள ஒரு சேர்மத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே நேர்மை.

43உம் 61உம் திடீரென்று ஏறின

கைச் சுத்திகரிப்பான். ஐசோபுரொப்பனால் 61இல் சிறிதாகவும், நீரை இழந்து 43இல் பெரிதாகவும் தெரியும். செவிலியரும் தொண்டரும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவட்டும். சுத்திகரிப்பான் புட்டி அறைக்கு வெளியே இருக்கட்டும். எத்தனால் வகையாக இருந்தால் 47 ஏறும். ஆனால் 47 வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கவைப்பதாலும் ஏறும். அல்வா சாப்பிட்டுவிட்டு வந்தவரை வாய் கொப்பளிக்கச் செய்து மீண்டும் ஊதச் சொன்னால் இரண்டும் பிரிந்துவிடும்.

59 மிக உயர்ந்து நிற்கிறது

முதலில் அடுத்த அறையில் யாரேனும் அசிட்டோன் கொண்டு கண்ணாடிக் கருவிகளைக் கழுவுகிறார்களா என்று பாருங்கள். இல்லையெனில் 60ஐப் பாருங்கள். அசிட்டோனில் மூன்று கார்பன்கள் இருப்பதால், கார்பன்-13இன் பங்காக 60இன் உயரம் 59இல் ஏறத்தாழ 3.3 விழுக்காடு இருக்க வேண்டும். அது தெளிவாகக் கூடுதலாகத் தெரிந்தால் 59இல் உணரி நிரம்பி வழிந்து குறைவாக எண்ணுகிறது. உண்மை அளவு திரையில் உள்ளதைவிடவும் மேலே இருக்கிறது.

இரண்டும் இல்லாதபோது உணவைப் பற்றிக் கேளுங்கள். நலமுள்ளவர் மூச்சில் அசிட்டோன் சில நூறு பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) முதல் ஓரிரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். பட்டினி கிடந்தால், கல்லீரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்குவதால் அது ஏறும். கந்த சஷ்டிக்கு விரதமிருந்து திருச்செந்தூர் போய்வந்தவரும், ரமலானில் மேலப்பாளையத்திலிருந்து மாலை வேளையில் வருபவரும் தம் வழக்கமான அளவைக் காட்டமாட்டார்கள். கட்டுப்பாடு மீறிய நீரிழிவிலும் அது ஏறும் என்பது உண்மைதான். அதற்காக ஊதியவரிடம் அங்கேயே எதையும் சொல்லிவிடக் கூடாது. அளவை மருத்துவரிடம் கொடுங்கள், இரத்தப் பரிசோதனை முடிவு செய்யட்டும். புரொப்பியனால்டிஹைடும் அசிட்டோனும் ஒரே வாய்பாடு கொண்டவையாதலால் அயனிகள் பறந்து சேரும் நேரத்தைக் கொண்டு நிறையை அளக்கும் பறப்புநேரக் கருவி எவ்வளவு நுட்பமானதானாலும் அதனாலும் 59இல் அவற்றைப் பிரிக்க முடியாது. நைட்ரிக் ஆக்சைடு அயனியைக் கொண்டு அளக்கும் வசதி இருந்தால் அசிட்டோன் 88இலும் புரொப்பியனால்டிஹைடு 57இலும் தனித்தனியே வந்துவிடும்.

69இல் நிலைமை வேறு. ஐசோபிரீன் 69.070, ஃப்யூரான் 69.034, இவற்றை நல்ல பறப்புநேரக் கருவி பிரித்துவிடும், நிறையை முழு எண்ணாக மட்டுமே காட்டும் நாற்துருவக் கருவி பிரிக்காது. புகைப்பவர் மூச்சில் ஃப்யூரான் இருக்குமாதலால், நாற்துருவக் கருவி வைத்திருப்பவர் பீடி பிடிப்போரையும் பிடிக்காதோரையும் 69ஐ வைத்து ஒப்பிடாமல் இருப்பது நல்லது.

புகைப்பதில்லை என்றவரிடம் 42 உயர்கிறது

அசிட்டோநைட்ரில் புகையிலைப் புகையின் நீண்டகால அடையாளம். புகைப்பதை நிறுத்திச் சில நாட்கள் ஆன பிறகும் மூச்சில் நிற்கும். பென்சீனோ சீக்கிரமே இறங்கிவிடும். 42 உயர்ந்து 79 உயராதிருந்தால் அவர் ஊதுவதற்குச் சற்று முன் புகைக்கவில்லை என்பது மட்டுமே தெரியும். ஆனால் அசிட்டோநைட்ரில் விறகும் சருகும் எரியும் எந்தப் புகையிலும் உண்டு. விறகடுப்பில் சமைக்கும் பெண்ணையோ, தேரிக்காட்டுப் பக்கம் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவரையோ, ஒளித்துப் புகைப்பவர் என்று முடிவுகட்டிவிடாமல், வீட்டு அடுப்பைப் பற்றியும் ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 41இல் பெரிய பீக் இருந்தால் அதன் கார்பன்-13 நிழலும் 42இல் விழும். அதையும் கழித்துவிட வேண்டும். 89இல் உயர்வு கண்டால் முந்தைய நாள் பூண்டு சாப்பிட்டாரா என்று கேட்டால் போதும்.

பையில் வந்த மூச்சு, நேரில் ஊதிய மூச்சோடு ஒத்துப்போவதில்லை

நாங்குநேரியிலோ அம்பாசமுத்திரத்திலோ பையில் பிடித்த மூச்சு, பேருந்தில் வெயிலோடு வந்து சேரும்போது வேறு பொருளாகிவிடுகிறது. மூச்சைப் பிடிக்கும் டெட்லார் என்ற பிளாஸ்டிக் பைகள் தம்மிடமிருந்தே பீனாலையும் டைமெத்தில் அசிட்டமைடையும் கசியவிடும். அவை 95இலும் 88இலும் தெரியும். ஈரமோ பையின் சுவர் வழியாக வெளியேறிவிடும். பையை நைட்ரஜனால் பலமுறை நிரப்பி வெளியேற்றிச் சுத்தம் செய்யுங்கள், கறுப்புத் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள், சில மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள். அளக்குமுன் பையை உடல் வெப்பத்துக்குச் சற்று மேலே சூடாக்கி, சுவரில் படிந்ததை ஆவியாக்குங்கள். ஒவ்வொரு பயணத்திலும் வெற்றுக்காற்று நிரப்பிய ஒரு பை உடன் வரட்டும். அந்தப் பையிலும் தெரியும் பீக்குகள் எவர் மூச்சுக்கும் உரியவை அல்ல.

சீரான இடைவெளியில் துள்ளல். பீக்கின் இடம் நகர்கிறது

துள்ளல் ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் மின்சாரத்தைச் சோதியுங்கள். சித்திரை, வைகாசியில் நிலம் காய்ந்ததும் எர்த் குழியின் தடை ஏறிவிடுகிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ட் காட்டினால் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பீக் நகர்வது பறப்புக்குழாய் வெப்பத்தால் விரிவதால், 21.022, 29.997, 59.049 ஆகிய நிலையான பீக்குகளைக் கொண்டு ஒவ்வொரு தரவுக் கோப்பையும் திருத்திக்கொள்ளலாம். கருவிக்குள் வெற்றிடத்தை உண்டாக்கும் டர்போ பம்ப் மின்வெட்டில் நின்று மீண்டும் ஓடினால், அன்றைய பின்னணி அடங்கும் வரை மூச்சு எடுக்க வேண்டாம்.

நோயாளரும் நலமுள்ளோரும் துல்லியமாகப் பிரிந்துவிட்டனர்

இதையும் பிழைக்குறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளரை வார்டிலிருந்து காலையிலும், நலமுள்ளோரைக் கல்லூரியிலிருந்து மாலையிலும் அழைத்திருந்தால், கருவி பிரித்திருப்பது வார்டுக் காற்றையும் கல்லூரிக் காற்றையும்தான். பிரிக்கும் சேர்மங்களின் பட்டியலில் 43உம் 61உம் மேலே இருந்தால் ஐயமே வேண்டாம். இரு தரப்பினரையும் ஒரே நாளில், கலந்த வரிசையில், அரை மணி நேரம் ஒரே அறையில் இருக்கச் செய்த பிறகு மீண்டும் அளக்க வேண்டும். காலையில் முதலாவதாகவும் மாலையில் கடைசியாகவும் அளவுத்திருத்த வாயுவையும், ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் இருக்கும் ஒருவரது மூச்சையும் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அவருக்குப் புதினா எண்ணெய் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, 139இல் மென்தாலும் 155இல் மென்தோனும் எப்போது ஏறி எவ்வளவு நேரத்தில் இறங்குகின்றன என்று வரைந்து, சென்ற மாத வளைவின் மேல் வைத்துப் பாருங்கள்.